பிரெஞ்சு இமெர்ஷன் வகுப்பில் முதல் நாள்: எதைக் குறிப்பெடுப்பது?

கேள்வி: ஒன்ராறியோவில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பிரெஞ்சு இமெர்ஷன் பள்ளியொன்றில் (பிரெஞ்சு தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்குப் பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளி) 1ஆம், 4ஆம் வகுப்புகளைப் பார்வையிடப் போகிறேன். எதைக் கவனிப்பது? பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினால் என்ன செய்வது?

பதில்: கண்ணில் படுவதையெல்லாம் எழுதினால் மாலையில் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு பாடத்தில் 20 நிமிடம், பிழைதிருத்தத்தை மட்டும் கவனியுங்கள். தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் பிரித்துக் கோடு போடுங்கள்: பிள்ளை சொன்னது, ஆசிரியர் செய்தது, பிள்ளை அடுத்துச் சொன்னது. பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை. உயிர்நாடியே அதுதான்.

'எனக்கு ஏழு வயது' என்று சொல்லும்போது, ஆங்கிலத்தின் 'I am' பழக்கத்தில் ஒரு பிள்ளை 'ழெ சுவி செத்தான்' (je suis sept ans) என்கிறது. சரியானது 'ழே செத்தான்' (j'ai sept ans). ஆசிரியர், 'ஆ, து ஆ செத்தான்!' (ஆ, உனக்கு ஏழு வயதா!) என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்கிறார். பிள்ளை தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்கிறது. தன்னைத் திருத்தினார்கள் என்றே அதற்குத் தெரியவில்லை. கவனமெல்லாம் சொல்லவந்த விஷயத்தில் இருப்பதுதான் காரணம். அதற்குப் பதிலாக 'ழே...' என்று தொடங்கி நிறுத்தினால், மிச்சத்தைப் பிள்ளைதான் முடிக்க வேண்டும். லிஸ்டர், ரான்டா என்ற இரு ஆய்வாளர்கள் மொன்றியல் பகுதி இமெர்ஷன் வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தங்களில் பாதிக்கு மேல் முதல் வகைதான், அதாவது ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொல்வது. பிள்ளைகள் தாமே திருத்திக்கொள்வது அதில்தான் மிகக் குறைவு.

அதற்காக முதல் வகையைத் தவறு என்று எழுதிவிடாதீர்கள். இன்னும் கற்காத வடிவத்தைப் பிள்ளையிடமிருந்து வரவழைக்க முடியாது. 1ஆம் வகுப்பில் ஆசிரியர் திருப்பிச் சொல்வதே பெரும்பாலும் பொருத்தம். தெரிந்ததையே தவறவிடும் 4ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நிறுத்திக் காத்திருப்பது பலன் தரும்.

1ஆம் வகுப்பில் பிரெஞ்சில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் வந்தால் கலங்க வேண்டாம். புரிதல் முதலில், பேச்சு பிறகு. ஒன்ராறியோவில் 8ஆம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3800 மணி நேரம் பிரெஞ்சில் படிக்கிறார்கள். நீங்கள் காண்பது அதன் தொடக்கம். வரிசையில் நிற்க, பொருளை எடுத்துவைக்க, கழிப்பறைக்குக் கேட்க எனத் தினமும் வரும் வாக்கியங்களைச் சைகையோடு சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் முதல் நாளில் முதலில் தேவைப்படுவது இவைதான்.

உங்களிடம் ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைக்கு மெதுவாக, சைகையோடு பிரெஞ்சில் பதில் சொல்லுங்கள். அது சொல்லவந்ததைச் சிறு வாக்கியமாக எடுத்துக்கொடுத்துச் சில விநாடி பொறுங்கள். ஆங்கிலம் புரியாததுபோல் நடிக்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், நம்பிக்கை போய்விடும். அடிபட்டாலோ அழுதாலோ பிள்ளைக்குப் புரியும் மொழியிலேயே பேசுங்கள். வகுப்பின் மொழி விதியை முன்னதாகவே ஆசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். குறிப்பில் பெயர் வேண்டாம், படம் எடுக்கவே கூடாது. பாடம் முடிந்ததும் ஒரே ஒரு நிகழ்வை நேரத்தோடு சொல்லி, 'அந்தப் பிழையை ஏன் அப்படியே விட்டீர்கள்?' என்று கற்கும் ஆர்வத்தோடு கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை மூன்று பத்திகளுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.