டிரம்மில் ‘இன்ஃபிளேமபிள்’: தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். பழைய தின்னர் டிரம்மில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றும், புதியதில் ‘ஃபிளேமபிள்’ என்றும் இருக்கிறது. ‘இன்’ என்றால் ‘இல்லை’ தானே? பழையதை ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்கலாமா என்று எங்கள் மேற்பார்வையாளர், தண்டல், கேட்கிறார்.

பதில்: வைக்கவே வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பிடிக்கும். மலாயில் ‘முடா தெர்பாக்கார்’.

‘அநீதி’யில் வரும் ‘அ’ மறுக்கிறது. ‘அவ்வீடு’ என்பதில் வரும் ‘அ’ சுட்டுகிறது. எழுத்து ஒன்று, வேலை வேறு. லத்தீனிலும் இப்படி இரண்டு ‘இன்’ உண்டு. ‘இன்ஃபிளமாரே’ என்றால் தீ மூட்டுவது. அங்கே ‘இன்’ உள்ளே என்று பொருள் தரும். புண் சிவந்து வீங்கி எரியும்போது டாக்டர் சொல்லும் ‘இன்ஃபிளமேஷன்’ அதே குடும்பம்தான். தொழிலாளர்கள் உங்களைப் போலவே தப்பாகப் படிப்பார்கள் என்று பயந்துதான், 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. நூறு வருஷம் ஆகிவிட்டது, பழைய சொல் இன்னும் நம் ஸ்டோர் கதவுகளில் தொங்குகிறது! ஆபத்தான ரசாயனங்களுக்கான மலேசியாவின் 2013 விதிமுறை லேபிளை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறது. டிரம்மைத் தூக்குகிறவர் தமிழரோ வங்காளதேசத்தவரோ, அவருக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லித்தர மட்டும் யாருக்கும் நேரமில்லை.

சரி, சொல் குழப்பினால் படத்தைப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் சுடர் இருந்தால் தீப்பிடிக்கும் சரக்கு. ஒரு விதிவிலக்கு: சுடர் ஒரு வட்டத்தின் மேல் நின்றால் அர்த்தம் வேறு. அந்தப் பொருள் தானாக எரியாமல் இருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் கொடுத்துப் பக்கத்துத் தீயைப் பெரிதாக்கும். அம்மோனியம் நைட்ரேட் உரம் அப்படிப்பட்டது. ‘உரம்தானே’ என்று அந்த மூட்டைகளை டீசலோடு சேர்த்து அடுக்கியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தனிக் கொட்டகையில் வையுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் டிரம் வியாபாரிகள். லேபிளைச் சுரண்டிவிட்டு, ‘கழுவிட்டோம் அண்ணே, தண்ணி பிடிக்கலாம்’ என்று காலி டிரம்மைத் தள்ளிவிடுவார்கள். அடியில் கொஞ்சம் தின்னர் தங்கியிருந்தாலும் ஆவி உள்ளேயே நிற்கும். வாயைத் திறக்கக் கிரைண்டர் வைத்தால் ஒரே பொறியில் வெடிக்கும். தண்ணீர் பிடித்தாலும் குடிக்க உதவாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் லேபிள் இல்லாத டிரம்மை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். உங்கள் பழைய டிரம்மை இன்றைக்கே ஜெனரேட்டரிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டுத் தண்டலிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.