கடலுக்குச் சுங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாஸ்கோ ட காமா வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் செங்கடல் வழியாக மிளகு போய்க்கொண்டுதான் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அவர் கள்ளிக்கோட்டையில் இறங்கியதோடு அரபு வணிகம் முடிந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். முடியவில்லை என்றால் போர்ச்சுக்கீசியர் மாற்றியதுதான் என்ன? கார்த்தாஸ் என்ற கடல் அனுமதிச் சீட்டைக் காட்டி இவ்வளவு பெரிய கடலை எப்படி மிரட்டினார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாடப்புத்தகம் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. முதல் சில பத்தாண்டுகளில் செங்கடல் மிளகு பலத்த அடி வாங்கியது உண்மை. கோவா 1510, மலாக்கா 1511, ஓர்முஸ் 1515 என்று போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் கடலின் வாசல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஆனால் 1513-இல் ஏடனைத் தாக்கித் தோற்றார். செங்கடலின் வாய் திறந்தே கிடந்தது. கோவாவையும் கொச்சியையும் தொடாமல், சுமத்ராவின் அச்சேயிலிருந்து மாலத்தீவுப் பக்கமாக நேரே செங்கடலுக்கு ஒரு பாதை உருவாயிற்று. 1560களில் செங்கடல் வழியாக வெனிஸுக்கு மிளகு பழையபடி வந்துகொண்டிருந்தது.

போர்ச்சுக்கீசியரின் கஞ்சத்தனமும் இதற்கு உதவியது. தொடக்கத்தில் கொச்சியில் பேசி முடித்த மிளகு விலையைப் பல பத்தாண்டுகள் ஏற்ற மறுத்தார்கள். அதிக விலை தர வேறு ஆள் இருக்கும்போது யார் கொடுப்பார்கள்? ஈர மிளகும் மண் கலந்த மிளகும் அரசுக் கிடங்குக்குப் போயின. நல்ல சரக்கு மாட்டுப் பொதிகளில் மலையேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது. கடத்தலைத் தடுக்க வேண்டிய போர்ச்சுக்கீசிய அதிகாரிகளே கடத்தலிலும் பங்காளிகள். பேரரசுகளின் வரலாற்றில் எனக்கு அலுக்காத பகுதி இதுதான்.

இனி கார்த்தாஸ். காகிதத்துக்கான கட்டணம் சொற்பம். கப்பலின் அளவு, தலைவன் பெயர், எத்தனை ஆயுதம், எந்தத் துறைமுகம், எந்தச் சரக்கு கூடாது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கறந்த இடம் வேறு: சீட்டு வாங்கிய கப்பல் கோவா, டையூ, ஓர்முஸ் போன்ற அவர்களுடைய துறை ஒன்றுக்கு வந்து சுங்கம் கட்டியாக வேண்டும். சீட்டில்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கும் போயிற்று, கப்பலும் போயிற்று. ஊர் எல்லையில் கயிறு கட்டி, போகிற வண்டிகளிடமெல்லாம் காசு வாங்குகிறவனின் வேலைதான். பத்துப் பதினைந்து லட்சம் மக்களே கொண்ட ஒரு நாட்டுக்கு ஆசியாவில் விற்க உருப்படியான சரக்கு இல்லை. இருந்தது பீரங்கி. கயிற்றால் தைத்த மரக்கலங்கள் கனமான பீரங்கியின் அதிர்ச்சியைத் தாங்காது. நிலவரியில் வாழ்ந்த உள்நாட்டுப் பேரரசர்களோ கடலை வணிகர்களின் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

முகலாயர்களே சீட்டு வாங்கினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்பரின் அத்தை குல்பதன் பேகம் 1570களில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது சீட்டுக்காகச் சூரத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தார். சீட்டில் மரியாளின் படமும் ஏசுவின் படமும் இருப்பதால் கடல்வழி ஹஜ் கடமையல்ல என்று வாதிட்ட உலமாவும் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) இருந்தார். 1613-இல் ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ரஹீமி கப்பலைச் சீட்டு இருந்தும் போர்ச்சுக்கீசியர் பிடித்துக்கொண்டார்கள். ஜஹாங்கீர் போர்ச்சுக்கீசியரின் டாமனை முற்றுகையிடச் செய்தார். காசு வாங்கிக்கொண்டும் அடிக்கிறவனிடம் யார் தொடர்ந்து காசு கட்டுவார்கள்?

ஆக, என்ன மாறியது? யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். குஜராத்தி வணிகர்களுக்குச் சீட்டு ஒரு கூடுதல் செலவு. கணக்கில் எழுதிவிட்டுத் தொழிலைத் தொடர்ந்தார்கள். கள்ளிக்கோட்டையின் மாப்பிளா (மலபார் முஸ்லிம்) வணிகர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற போர். கள்ளிக்கோட்டை மன்னரான சாமூதிரிக்காக நூறாண்டு கடலில் சண்டையிட்ட கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களில் கடைசியானவர் 1600-இல் கோவாவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பிடிக்க சாமூதிரியே போர்ச்சுக்கீசியருக்குத் துணை நின்றார். இந்தச் செய்தியைப் பாடப்புத்தகங்கள் மெதுவாகத் தாண்டிப் போவதை நீங்களும் கவனித்திருக்கலாம்.

அண்மைக்கால ஆய்வாளர்களில் சிலர், ஆசியாவின் மொத்த வணிகத்தில் போர்ச்சுக்கீசியர் பங்கு சிறியது என்று சொல்லி அவர்களைக் கையால் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கின் எடையை மட்டும் நிறுத்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் பீரங்கி இல்லாதவன் பீரங்கி இருப்பவனிடம் அனுமதி கேட்டே கடலில் போக வேண்டும் என்ற வழக்கத்தை இந்தப் பரப்பு முழுக்கப் பழக்கியவர்கள் அவர்கள்.

நம் கரையில் கதை வேறு. இங்கே போர்ச்சுக்கீசியத் தலைநகரான கோவாவின் பிடி தளர்வு. நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறிய போர்ச்சுக்கீசியர் பெரும்பாலும் தனி வணிகர்கள். உள்ளூர் வணிகர்களோடு சேர்ந்து மலாக்காவுக்குத் துணி ஏற்றினார்கள். அரசின் கை ஓங்கியிருந்தது முத்துக்குளித்துறையில். அங்கே பரதவர்கள் 1530களில் பாதுகாப்பு வேண்டி ஞானஸ்நானம் பெற்றார்கள்; முத்து வருவாயில் ஒரு பங்கு போர்ச்சுக்கீசியருக்குப் போயிற்று. 1658-இல் நாகப்பட்டினமும் 1663-இல் கொச்சியும் டச்சுக்காரர்களிடம் விழுந்தன. கோட்டைகளோடு சீட்டு முறையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டச்சுக்காரரின் சீட்டுகள் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.