குருவி ரத்தம் படிக்க ஆசைப்படும் மகளும் மேத்ஸ் லிட் படிவமும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அக்காவுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், குருவிகளின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் மதிப்பெண் குறைவதால் அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் பதில் உடனே சொல்கிறேன்: மாற்றாதீர்கள். மாற்றினால் அறிவியல் பட்டம், கால்நடை மருத்துவம் இரண்டும் கைவிட்டுப் போய்விடும். ட்யூஷனுக்குச் செலவழியுங்கள், கணக்கை விடாதீர்கள்.

சரி, குருவிக்கு வருவோம். தூக்கணாங்குருவி, சிட்டுக்குருவி போன்றவற்றின் ரத்த அணுக்களில் பிளாஸ்மோடியம், ஹீமோபுரோட்டியஸ், லியூக்கோசைட்டோசூன் என்ற ஒட்டுண்ணிகள் குடியிருக்கும். முதலாவதைக் கொசு பரப்புகிறது, மற்ற இரண்டையும் ரத்தம் குடிக்கும் சின்னஞ்சிறு ஈக்கள். மனித மலேரியாவுக்கு இவை பங்காளி முறை. ஆனால் பறவை மலேரியா உங்கள் மகளுக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். மலேரியாவைக் கொசு எப்படிப் பரப்புகிறது என்பதையே ரொனால்ட் ராஸ் 1898இல் கல்கத்தாவில் பறவைகளை வைத்துத்தான் நிரூபித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வேலை எப்படி இருக்கும் தெரியுமா? விடியற்காலையில் மெல்லிய வலை கட்டி, மாட்டிய குருவியைக் கையில் பிடித்து, இறக்கையின் ரத்தக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்க விடுவார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்ப்பார்கள். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவைக்கு உண்டு. ஹீமோபுரோட்டியஸ் அந்த உட்கருவைச் சுற்றிப் பிறை போல வளைந்து கிடக்கும். ஒரு சில்லுக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தப் பொறுமை உங்கள் மகளிடம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு மதிப்பெண்ணை விட அதுதான் முக்கியம்.

இதனால் யாருக்குப் பயன் என்றால், ஹவாய்த் தீவுகளில் வெளியிலிருந்து வந்த கொசுவும் பறவை மலேரியாவும் சேர்ந்து அங்கே மட்டுமே இருந்த பாட்டுப் பறவைகளில் பலவற்றை அழித்தன. நம் நாட்டிலேயே கேப் டவுனில் பென்குவின்களைக் காப்பாற்றும் சான்காப் அமைப்பு, அவற்றின் ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா என்று சோதிக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன்: பறவை ஆய்வில் மட்டும் நிரந்தர வேலை குறைவு. குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட பிஎஸ்சி, அப்புறம் ஹானர்ஸ் என்ற ஒரு வருட மேல்படிப்பு வரை போனால்தான் விஞ்ஞானி என்ற தகுதி வர வழி பிறக்கும். என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவி முதல் பட்டத்துக்குத்தான் கைகொடுக்கும். ஹானர்ஸுக்கு என்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவித்தொகையை நாட வேண்டும். இதைப் பலர் மூன்றாம் வருடக் கடைசியில்தான் தெரிந்துகொண்டு தவிக்கிறார்கள்.

உறுதியான சம்பளம் வேண்டும் என்றால், அதே நுண்ணோக்கியில் வேறு பாதை இருக்கிறது: டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட மருத்துவ ஆய்வக அறிவியல். விலங்கியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனை ஆய்வகத்தில் சேர முடியாது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஆகவே முடிவு பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே வேண்டும். கால்நடை மருத்துவம் என்றால் ஆறு வருடம், நாட்டில் அதற்கு இருக்கும் இடம் பிரிட்டோரியா பக்கம் ஓண்டர்ஸ்டெபூர்ட் ஒன்றுதான். இடம் கிடைப்பது கடினம், ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

இந்த மூன்று பாதைக்கும் கணக்கு வேண்டும்.

விடுமுறையில் டர்பன் பறவை ஆர்வலர் சங்கத்தோடு வெளியே அனுப்புங்கள். உரிமம் பெற்றவர்கள் பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் இடத்தில் வலையைப் பிடித்துக்கொள்ளவாவது விடுவார்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து அவளே கிளம்பி நின்றாளானால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.