தாலி வேண்டாம், உறுதிமொழி போதும்: வாசகர் கேள்வி பதில்

ஓமம், தாலி எதுவும் இல்லாமல் உறுதிமொழி சொல்லி மணம் முடிக்க நினைக்கிறோம். சட்டப்படி செல்லுமா? மேடையில் எப்படி நடத்துவது?
*வாசகி, கரூர்*

இருவரும் இந்துக்கள் என்றால் தாராளமாகச் செல்லும். அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் நடந்ததுதான் முதல் சுயமரியாதைத் திருமணம். சட்டத்தின் ஒப்புதல் கிடைக்க நாற்பது ஆண்டு ஆனது. அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும்: கணவன் மனைவியாக ஏற்பதாக ஒருவருக்கொருவர் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வது, தாலி கட்டுவது.

பலர் சறுக்குவது உறுதிமொழி எழுதுவதில்தான். நட்பு, சமத்துவம், சமையலில் சரிபாதி என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, ‘உங்களை என் கணவராக ஏற்கிறேன்’ என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அதுதான் உயிர்; முதல் வரியாகவே வையுங்கள். மொத்தம் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். தலைமை தாங்குபவர் நான்கைந்து சொற்களாகப் பிரித்துச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். மனப்பாடத்தை நம்பினால் பதற்றத்தில் நாக்கு குழறும். மாலை மாற்றும்வரை கொட்ட வேண்டாம் என்று மேளக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். கெட்டிமேளத்தில் உறுதிமொழி காணாமல் போவது வழக்கம். சொல்லி முடித்ததும் அதே தாளில் இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடுங்கள்.

மேடையில் முடிந்துவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

அப்பா இல்லை. அம்மாவை மேடையில் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.
*வாசகி, திருவாரூர்*

தாரைவார்ப்பு இருந்தால்தான் ‘யார் கொடுப்பது’ என்ற பேச்சே வரும். அதை எடுத்துவிடுங்கள். பெண் என்ன பொருளா, தானம் கொடுக்க? மாலைத் தட்டை அம்மா ஏந்தி வரட்டும். கடைசி நேரத்தில் யாராவது அத்தை தட்டை வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். எனவே ‘மாலை எடுத்துக் கொடுப்பவர்’ என்று அழைப்பிதழிலேயே அம்மா பெயரைப் போட்டுவிடுங்கள்.

அட்சதை அரிசி காலில் மிதிபடுவது உறுத்துகிறது. வேறு என்ன செய்யலாம்?
*வாசகர், மதுரை*

உதிரிப்பூ. ஆளுக்கு ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 10 கிராம். 200 பேருக்கு 2 கிலோ. ரோஜா இதழை விடச் சாமந்தி நல்லது. கை வியர்வையில் கறுக்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் புழுங்கிவிடும், காகிதப் பொட்டலமே சரி. ஒன்று மட்டும் கவனம்: அரிசி போலப் பூ தூரம் போகாது. பின்வரிசையிலிருந்து வீசினால் முன்வரிசைக்காரர் தலையில்தான் விழும். மணமக்கள் மேடையை விட்டிறங்கி நடுவழியாக நடந்து வரும்போது தூவச் சொல்லுங்கள். பளிங்குத் தரையென்றால் விரிப்பு போடுங்கள், ஈர இதழ் வழுக்கும்.

மணமகள் கிறிஸ்தவர். 7-ஏ பொருந்துமா?
*வாசகர், நாகர்கோவில்*

பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்கலாம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், மண்டபத் தேதி குறிக்கும் முன் அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.