ரோபோ தைராய்டு ஆபரேஷன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரோபோ மூலம் தைராய்டை எடுப்பதில் எத்தனை வழிகள் உண்டு? (வாசகர், ஈரோடு)

பெரும்பாலும் நான்கு. ஒரு பக்க அக்குள் வழி. இரண்டு அக்குள், இரண்டு மார்புக்காம்பு ஓரம் என நான்கு சிறு கீறல் போடும் 'பாபா' வழி. காதுக்குப் பின்னால் முடியோரம். கீழுதட்டின் உட்புறம் வழியாக வாய் வழி. முதல் இரண்டும் 2007, 2008 வாக்கில் தென்கொரியாவில், சியோலில் ரோபோவுக்கு வந்தவை. வாய் வழியைப் பரவச் செய்தவர் பாங்காக்கின் அங்கூன் அனுவாங். ரோபோ இல்லாமல் லேப்ராஸ்கோப்பில் (சிறு துளை வழியே விடும் கேமராக் குழாய்) 60 பேருக்குச் செய்து 2016-இல் எழுதினார். கொரிய டாக்டர்கள் அதையும் ரோபோவில் செய்யத் தொடங்கினார்கள்.

ரோபோ தானாக வெட்டுமா? (வாசகி, கரூர்)

வெட்டாது. ஓரமாக உட்கார்ந்து டாக்டர் கையை அசைத்தால்தான் அதுவும் அசையும். எனவே, அவர் இதுவரை எத்தனை தைராய்டு ரோபோவில் எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். அக்குள் வழி கைக்குப் பழகவே 40, 50 ஆபரேஷன் ஆகும்.

எனக்குத் தைராய்டில் கட்டி. ரோபோ செய்யலாமா? (வாசகர், விருதுநகர்)

கட்டி எத்தனை செ.மீ.? ஊசிப் பரிசோதனையில் என்ன வந்தது? கழுத்தில் நெறி உண்டா? முன்பு கழுத்தில் ஆபரேஷன் நடந்ததா? ஒன்றையுமே எழுதவில்லை. ஒரு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் கழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. ரிப்போர்ட்டில் உள்ளதை எழுதி அனுப்புங்கள்.

கழுத்தில் வெட்டாததால் ரோபோ முறையில் காயம் குறைவு என்று விளம்பரத்தில் பார்த்தேன். அப்படியானால் எல்லோருமே அதைச் செய்துகொள்ளலாமே? (வாசகி, திருச்சி)

இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பித்தப்பைக்கு லேப்ராஸ்கோப் வந்தபோது வயிற்றின் பெரிய வெட்டு போய்ச் சிறு துளைகள் வந்தன. காயம் நிஜமாகவே குறைந்தது. அந்தப் பெயரை வைத்துத் தைராய்டையும் விற்கிறார்கள்.

கழுத்தில் 4, 5 செ.மீ. கீறினால் சுரப்பி அங்கேயே இருக்கிறது. அக்குளில் தொடங்கினால் முதலில் அங்கே 5, 6 செ.மீ. கீற வேண்டும். பிறகு மார்புத் தசையின் மேலுள்ள தோலைத் தூக்கிக்கொண்டே காறை எலும்பைத் தாண்டி, கழுத்துத் தசையின் இரு பிரிவுகளுக்கு நடுவே புகுந்து, முன்தசைகளை உயர்த்திப் பிடித்தால்தான் சுரப்பி கண்ணில் படும். உள்ளே அறுபடும் பரப்பு பல மடங்கு. நேரம் ஒரு மணி கூடும். பிறகு மார்பின் மேல் பகுதி மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். கழுத்தில் தழும்பு இல்லை என்பது உண்மை, அது சிலருக்குப் பெரிய விஷயம். அதை மட்டும் சொல்லி விற்கட்டும்.

இன்னொன்று. கொரியாவில் வந்த நல்ல முடிவுகளில் பெரும்பகுதி, அறிகுறி இல்லாதவர்களுக்கும் செய்யும் ஸ்க்ரீனிங் ஸ்கேனில் பிடிபட்ட சின்னஞ்சிறு கட்டிகளில் வந்தவை. பல ஒரு செ.மீ. கூட இருக்காது. நம்மிடம் எலுமிச்சை அளவு, மாங்காய் அளவு வீங்கிய பிறகு வருகிறார்கள். அந்த முடிவை இந்தக் கழுத்துக்குப் பொருத்த முடியாது. அமெரிக்காவில் ரோபோ தயாரித்த நிறுவனமே 2011-இல் தைராய்டு ஆபரேஷனுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. நெஞ்செலும்புக்குக் கீழே இறங்கிய கழலை, சுற்றிலும் பரவிய புற்று, முன்பே ஆபரேஷன் ஆன கழுத்து இவற்றுக்கெல்லாம் கழுத்து வழிதான்.

நான் பள்ளி ஆசிரியை. குரலுக்கு எந்த வழி பாதுகாப்பு? (வாசகி, மதுரை)

எல்லா வழியிலும் குரல் நரம்பு சுரப்பியின் பின்புறம் ஒட்டித்தான் ஓடுகிறது. தேர்ந்த கைகளில் நிரந்தரப் பழுது நூற்றில் ஒன்றிரண்டுதான், வழி எதுவானாலும். ஆபரேஷனுக்கு முன் குரல்வளையைக் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அதே கேள்வி: டாக்டர் எத்தனை செய்திருக்கிறார்?

அக்குள் வழியில் கை செயலிழக்குமா? (வாசகர், தஞ்சாவூர்)

கையைத் தூக்கி வைப்பதால் தோள் நரம்புகள் இழுபடலாம். அரிது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும்.

வாய் வழி என்றால் சாப்பிட முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

அன்றே நீராகாரம், மறுநாள் குழைந்த சோறு. மோவாய் சில வாரம் மரத்திருக்கலாம். பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வாயின் கிருமிதான் உள்ளே போகும்.

ரோபோவில் எடுத்தால் தைராய்டு மாத்திரை வேண்டாமாமே? (வாசகர், சேலம்)

தவறு. முழுச் சுரப்பியும் போனால் ஆயுளுக்கும் மாத்திரை, வெறும் வயிற்றில்.

ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. (வாசகி, கோவை)

இதையெல்லாம் கடிதத்தில் கேட்கலாமா அம்மா? கால்சியம் இறங்கியிருக்கும். உங்கள் கடிதம் கைக்கு வந்ததுமே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் கேளுங்கள்: இப்படி ஊசி குத்துவதுபோல் இருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் நொடிகூடத் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.