துணி கிழியவில்லை, பிடி எங்கே போனது?

கேள்வி: தீக்காயத் தழும்புக்காக என் மகள் இரண்டு மாதங்களாகக் கையில் அழுத்த உறை அணிகிறாள். முதல் வாரத்தில் அதை மாட்டி முடிப்பதற்குள் இருவருக்குமே வியர்த்துவிடும். இப்போது சட்டைக் கையைப் போல் சுலபமாக ஏறிவிடுகிறது. ஓர் இழைகூட அறுந்ததாகத் தெரியவில்லை. கை மெலிந்துவிட்டதா, உறை தளர்ந்துவிட்டதா?
- ஒரு வாசகி

பதில்: உறை தைக்க அளவெடுத்த அதே இடங்களில் இப்போது கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். அது குறையவில்லை என்றால், தளர்ந்தது உறைதான்.

இத்துணி நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்து பின்னப்பட்டது. ஸ்பான்டெக்ஸ் இழையின் மூலக்கூறுச் சங்கிலியில் சுருண்டு நீளும் மென்பகுதிகளும், அவற்றை ஆங்காங்கே முடிச்சுப் போல் பிணைக்கும் கடினப் பகுதிகளும் உண்டு. உறையை உடலளவைவிடப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் சிறிதாகத் தைப்பதால், அணிந்திருக்கும் நேரமெல்லாம் இழை இழுபட்டே இருக்கிறது. அந்த நிலையில் நீளம் மாறாமலேயே சங்கிலிகள் மெல்ல நழுவி இடம் மாற, இழுவிசை குறைகிறது. தகைவுத் தளர்வு எனப்படும் இது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் நடக்கும். கழற்றி வைத்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும், முழுவதும் திரும்பாது. இரண்டு உறைகளை மாற்றி மாற்றி அணியச் சொல்வது துவைக்கும் வசதிக்காக மட்டுமல்ல, துணிக்கு ஓய்வு தருவதற்காகவும்தான்.

ஏமாற்றுவது கண்தான். மேசைமேல் விரித்தால் பழைய நீளத்துக்கே சுருங்கிக் கிடக்கும் உறை, நீட்டும்போது முன்புபோல் எதிர்த்து இழுப்பதில்லை. மேலும், ஒரே இழுவிசை பருத்த இடத்தில் குறைந்த அழுத்தத்தையே தரும் என்பதால், மணிக்கட்டில் இறுக்கமாகத் தோன்றும் உறை மேற்கையில் போதாமல் போயிருக்கலாம்.

துவைத்தால் கெட்டுவிடுமென்று நாள்கணக்கில் துவைக்காமல் அணிவது தவறு. வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் இழையில் தங்குவதுதான் அதற்குக் கேடு. மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்துக் காயவிடுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான், இஸ்திரிப் பெட்டி இரண்டும் ஆகாது.

தளர்ந்த உறையை வீட்டில் ஓரம் பிடித்துத் தைக்கவும் வேண்டாம்; தையல் விழுந்த இடத்தில் மட்டும் அழுத்தம் கூடி விரல்கள் மரத்துப்போகலாம். பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் இவ்வுறைகளை மாற்ற வேண்டியிருக்கும். வளரும் பிள்ளைக்குப் பழைய அளவுச்சீட்டும் உதவாது. சிகிச்சையாளரிடம் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.