'தி விக்கர் மேன்': எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

கேள்வி: 1973-இல் வந்த பிரிட்டிஷ் திகில் படம் 'தி விக்கர் மேன்' ஓரிடத்தில் 88 நிமிடம், இன்னோரிடத்தில் 94, வேறோரிடத்தில் 99 என்று இருக்கிறதே. எதைப் பார்ப்பது?

பதில்: 94-ஐப் பாருங்கள். பிரிட்டனில் முதலில் வெளியானபோது படத்தை வெட்டிச் சுருக்கி, இன்னொரு படத்தோடு துணைப்படமாக ஓட்டினார்கள். அதுதான் 88. நீளமான 99-இல் காட்சிகள் அதிகம். ஆனால் மீட்டுச் சேர்த்த பகுதிகள் வீடியோ நாடாவிலிருந்து எடுத்தவை என்பதால் அங்கங்கே படம் சட்டென்று மங்கிவிடும். ஹார்வர்டு திரைப்படக் காப்பகத்தில் கிடைத்த 35 மி.மீ. பிரதியை வைத்து, இயக்குநர் ராபின் ஹார்டியின் ஒப்புதலோடு 2013-இல் வந்தது 94.

அட்டையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25-இல் ஓட்டும் டிவிடியில் 99 நிமிடம் 95 ஆகிவிடும். தொடக்கத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காவல் நிலையக் காட்சி வந்தால் 99. நேராகச் சர்ச்சில் தொடங்கினால் 94. எடுத்த எடுப்பிலேயே கடல் விமானம் பறந்தால் 88.

குறைப்பதிப்பில் போனது ஒரு முழு ராத்திரி. காணாமல்போன சிறுமியைத் தேடி ஒரு தீவுக்கு வரும் போலீஸ் சார்ஜண்ட் ஹோவி (எட்வர்ட் உட்வர்ட்) கல்யாணம் நிச்சயமானவர். அதுவரை பிரம்மச்சரியம் காக்கும் தீவிரக் கிறிஸ்தவர். முதல் ராத்திரி, தீவின் தலைவர் லார்ட் சம்மரைல் (கிறிஸ்டோபர் லீ) ஓர் இளைஞனை விடுதிக்காரரின் மகள் வில்லோவின் ஜன்னலடிக்கு அழைத்து வருகிறார். நடப்பதையெல்லாம் ஹோவி தன் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் ராத்திரிதான் வில்லோ சுவருக்கு அந்தப் பக்கம் ஆடிப் பாடி அவரை அழைக்கிறாள். இரண்டையும் பார்த்தவருக்கு இது கவர்ச்சி நடனமில்லை, பரீட்சை என்பது பிடிபடும். 88-இல் முதல் ராத்திரியே இல்லாததால் இந்த நடனம் திடீரென்று வந்து விழுகிறது.

கேள்வி: பேய் இல்லை, பெரும்பாலும் பட்டப்பகல். இதில் திகில் எங்கே?

பதில்: ஹோவியின் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ஆப்பிளுக்குப் பேர்போன தீவு அது. ஆனால் விடுதியில் அவருக்கு வருவது டப்பா உணவு. அவரைக்கொட்டையின் நிறமே சரியில்லை. ஆப்பிள் கேட்டால் இல்லை என்று பதில் வருகிறது. சுவரில் வருஷா வருஷம் எடுத்த அறுவடைத் திருவிழாப் போட்டோக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. போன வருஷத்துப் போட்டோவைக் காணோம். காணாமல்போன சிறுமியைத் தேடி வந்தவர் கண்ணுக்கு எதிரிலேயே அத்தனை துப்பும் கிடக்கிறது. விளைச்சல் பொய்த்த ஊர் அடுத்து என்ன செய்யும் என்று நாம் யோசிக்கத் தொடங்கும்போதே வயிறு கலங்கிவிடும்.

பால் ஜியோவானியின் பாட்டுகளைத் தயவுசெய்து ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. (படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.) கடைசியில் ஹோவி பைபிள் சங்கீதத்தைக் கதறலாகப் பாட, ஊரே கைகோத்து ஆடியபடி கோடையை வரவேற்கும் 13-ஆம் நூற்றாண்டுப் பாட்டைப் பாடுகிறது. அத்தனை முகத்திலும் சந்தோஷம்! எந்தப் பேய்ப்படமும் இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

கேள்வி: எந்தத் தீவில் எடுத்தார்கள்?

பதில்: சம்மரைல் கற்பனைத் தீவு. ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் காலோவே பகுதியில்தான் பெரும்பகுதி. துறைமுகம் வடக்கே பிளாக்டன், லார்டின் மாளிகை கல்ஸேன் கோட்டை, கடைசிக் காட்சி பர்ரோ ஹெட் முனை. கதை நடப்பது மே தினத்தையொட்டி. படப்பிடிப்போ 1972 அக்டோபரில் தொடங்கியது. அதனால் இலையுதிர்ந்த மரங்களில் செயற்கைப் பூக்களைக் கட்டினார்கள். மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க நடிகர்கள் வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு நடித்தார்கள்.

கேள்வி: படத்தின் பெயரில் வரும் 'விக்கர் மேன்', அதாவது குச்சிகளால் பின்னிய ராட்சத மனித உருவம், அதற்குள் மனிதர்களை அடைத்து எரித்தது நிஜமா?

பதில்: ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் நடத்திய போர் பற்றிய தன் குறிப்புகளின் ஆறாம் புத்தகத்தில் அந்நாட்டு மக்கள் அப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அந்த மக்களோடு போரிட்டவர். எதிரியைப் பற்றி எதிரி சொன்னது. தொல்லியல் சான்று எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. நம் மனசில் பதிந்த அந்த ராட்சத உருவம் பரவியது 1676-இல் ஆங்கிலேயர் அயிலெட் சாம்ஸ் வெளியிட்ட நூலின் சித்திரத்திலிருந்து.